பன்னிரண்டு மணிக் கொழுந்து

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கொழுந்து நிறையைக் கணினியில் பதியும் கிளார்க் அவர். காதை மூடிய கம்பளித் தொப்பி போட்டிருப்பார். கணினி திணறும்போதெல்லாம் சுவர்க் கலண்டரில் பென்சிலால் நேரத்தைக் குறிப்பார். அந்த ஆபீசின் கணினிகளைப் பராமரிக்கும் எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

மூன்று நாளாக வயர்களை மாற்றினேன். ஒரே இயந்திரத்தில் ஓடிய நான்கு மெய்நிகர் சர்வர்களையும் நிறுத்தி எழுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் அந்தக் கலண்டரைப் பார்த்தேன். எல்லா நாளும் பன்னிரண்டு மணி. சாப்பாட்டு நேரம்தானே, கணினி மெதுவானாலும் பரவாயில்லை என்று, சர்வர்களைப் பிரதியெடுக்க நானே வைத்த நேரம். தோட்டத்தில் அது கொழுந்து நிறுக்கும் நேரம்.

"முதல்லயே ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே சேர். வயரத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நேரத்தை மாற்றினேன். மறுநாள் பன்னிரண்டுக்குக் கணினி திணறவில்லை. அவரோ பென்சிலைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.