மேரி விடுதியைக் காலி செய்த நாள்

இன்று சிங்கப்பூரில் பூன் லே போகும் பஸ்ஸில் மேரியைப் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி.

சில நாள்தான் சேர்ந்திருந்தோம். வகுப்பு தொடங்கியதுமே, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவள் அப்பா பக்கவாதம் வந்து நினைவிழந்தார். இரண்டாம் வாரத்துக்குள் விலகினால் கட்டணம் இல்லை. ஒரு நாள் தாண்டினாலும் படிப்புக்கும் அறைக்கும் முழுப் பருவத்துக்கும் கட்டியாக வேண்டும். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. அந்தக் கெடுவின் கடைசி நாளன்று மேரி பெட்டியைக் கட்டினாள்.

“அடுத்த வருஷம் வந்துடுவேன் லா,” என்றாள். வரவில்லை.

இன்று கேட்டேன்: “அப்பாவுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சு?”

“நான் ரூமைக் காலி பண்ண மறுநாளே கண்ணு முழிச்சாரு. ‘கிளாஸுக்குப் போகலையா?’ன்னுதான் முதல்ல கேட்டாரு. ‘லீவுப்பா’ன்னு சொன்னேன். தினமும் கேப்பாரு, தினமும் அதையே சொல்வேன். நாலு மாசத்துல போயிட்டாரு. கடைசி வரைக்கும் நம்புனாரு.”

அவள் இறங்கும் நிறுத்தம் வந்தது. என் கையை அழுத்தி, “அந்த லீவு இன்னும் முடியல லா,” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “சரி, பாத்துப் போ,” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?