சம்சாரியை இறக்கிவிடும் படகு

டீக்கடை மக்களுக்கு, எறணாகுளத்திலிருந்து இந்தக் கார்டு.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, கொட்டும் மழையில் அக்கரைக்குப் படகேறினோம். நம்ம குருவிகுளத்துச் சம்சாரி செல்லையா, படகு ஓட்டுகிறவர் காதருகே நின்று சத்தமாகப் பருத்தி விலை பேசினான்.

அவர் திரும்பி, "சம்சாரிக்கண்டா!" என்று அதட்டினார்.

செல்லையா முகம் சுருங்கிவிட்டது. "ஏலே, சம்சாரி வேண்டாங்கான். நான் வெவசாயம் பாக்கது இவனுக்கு எப்படித் தெரியும்? நடுத் தண்ணியில எறக்கி விட்டுருவானோ?"

"உன் கால் வெடிப்பப் பாத்திருப்பான் வே" என்றேன். காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.

பக்கத்திலிருந்த தமிழ்க்கார அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "பேச வேண்டாம்னு சொன்னாரு, அண்ணாச்சி. மலையாளத்துல அப்படித்தான்."

செல்லையா அதை நம்பவில்லை. ஆனால் கரை சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

இருபது வருஷமாக நாம் தமிழில் சொல்லிக் கேட்காதவன். இனி மலையாளத்திலேயே சொல்லுவோமா மக்கா?