வால் வீசிய பக்கம்

கப்பலை நான் நேரில் பார்த்ததில்லை. நான் பார்த்தது மூன்று மீட்டர் மாதிரிக் கப்பல். நாலு பேர் தூக்கினால் கரைக்கு வந்துவிடும். அதை வைத்து நடந்த சண்டையில் ஒருத்தனுக்குக் கால் போனது. என் தம்பிக்குத் தோள் எலும்பு போனது. தோளை உடைத்தது நான்.

ஆம்பூரில் இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டினேன். ஷாப்பை மூடிவிட்டார்கள். அந்த வருஷம் நல்ல மழை. பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போனது. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். கப்பல் எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். அவர்கள் காலேஜில் இருக்கிற தொட்டி கப்பல் வளைவதற்குப் போதாதாம். காற்றில்லாத பெரிய தண்ணீர் வேண்டுமாம். எனக்கு நீச்சல் தெரியும். ஏரியில் எங்கே சேறு, எங்கே முள் என்று தெரியும். வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வேலை பெரிசில்லை. ஆகாயத்தாமரையை ஒதுக்க வேண்டும். நாலு கெமிக்கல் பேரலைக் கட்டிப் பலகை போட்ட மிதவையில் உட்கார வேண்டும். கப்பல் எங்காவது சிக்கினால் துடுப்புப் போட்டுப் போய் எடுக்க வேண்டும். கரையில் ஓர் உயரமான இரும்புக் கம்பம் நட்டு, மேலே கேமரா வைத்திருந்தார்கள். கப்பல் போகிற தடத்தை அது எடுக்கும்.

மேடத்தோடு ஆராய்ச்சி மாணவன் ஒருத்தன் இருந்தான். அரக்கோணத்துக்காரன். அப்பா இல்லை, அம்மா ரயில்வேயில் வேலை. வயது இருபத்தாறு இருக்கும். என்னோடு மிதவையில் அவன்தான் இருப்பான், கையில் ரிமோட்டோடு. "சார்" என்று கூப்பிட்டேன். "சார்லாம் வேணாம்ணா, நானே இன்னும் பரீட்ச எழுதிட்டு இருக்கேன்" என்றான்.

சுக்கானை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, கப்பல் போடுகிற வட்டத்தை அளப்பார்கள். அப்புறம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி ஒடிப்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நான்கு மாதம் இதைப் பார்த்தேன். ஒன்று புரிந்தது. வலப்பக்கம் ஒடித்தால் மூக்கு வலது பக்கம் போகும். வால் உடனே பின்னாலேயே போகாது. முதலில் இடது பக்கம் வீசும். மெயின் ரோட்டில் நீளமான பஸ் வளையும்போது பின்பக்கம் வெளியே வந்து சைக்கிள்காரனைத் தட்டுமே, அந்த மாதிரி.

ஒரு நாள் அரக்கோணத்துக்காரன் சொன்னான்: "ஒருத்தன் கப்பல்லேந்து வலது பக்கம் வுழுந்துட்டான்னு வைங்க. எந்தப் பக்கம் ஒடிப்பீங்க?"

"இடது பக்கம். அவன வுட்டு ஒதுங்கணும் இல்ல?"

"செத்தான். வால் போய் அடிக்கும். வலது பக்கம்தான் ஒடிக்கணும். அவன் மேல போற மாதிரியே ஒடிக்கணும்."

"இன்னாடா இது, அநியாயமா இருக்குது" என்றேன். சிரித்தான்.

என் தம்பி அதே ஏரியில் வேறு ஆளிடம் வேலை செய்தான். மீன் ஏலம் எடுத்தவரிடம். ஏலக்காரர் அணையிலிருந்து பைபர் போட் ஒன்றைக் கொண்டுவந்து, பின்னால் மோட்டார் மாட்டியிருந்தார். அதை ஓட்டுகிறவன் என் தம்பி. என்னைவிட ஆறு வயது சின்னவன். எங்கள் வீட்டில் பேச்சு கம்மி, அடி ஜாஸ்தி. அப்பா தோலில் சதை எடுக்கிற கத்தி பிடித்தவர். அவர் அறைந்தால் காது அடைக்கும். அப்பா எங்களை அடித்தார், நான் தம்பியை அடித்தேன், தம்பி தெருவை அடித்தான். அப்படித்தான் வளர்ந்தோம்.

எங்கள் கப்பலைத் தள்ளுகிற விசிறி இரண்டு முறை அவர்கள் வலையை அறுத்தது. முதல் முறை எங்கள் தப்பு. மேடம் புது வலை வாங்கித் தருகிறேன் என்றார். ஏலக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கப்பல் ஓட்டணும்னா கடலுக்குப் போம்மா. ஏரியில இன்னா பொம்ம வெளையாட்டு? என் மீனெல்லாம் பேஜாராகி அடிக்குப் போய்டுது."

"பர்மிஷன் இருக்குங்க" என்றார் மேடம்.

"மீனுகிட்ட காட்டு உன் பர்மிஷன."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். என் தம்பியும் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அந்தம்மா முன்னாடி பல்லக் காட்டாத."

"நீ அவங்க பொம்மைக்குக் காவல். நான் இவர் மீனுக்குக் காவல். உனக்கு இன்னா கோவம்?"

ஒன்று வைத்தேன். அவனும் ஒன்று வைத்தான். மறுநாள் இரண்டு பேரும் வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போனோம்.

மூன்றாவது முறை வலை அறுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஏலக்காரரின் ஆட்கள் வந்தார்கள். நாலு பேர் கரையில். மேடத்தின் வேன் டிரைவரை முதலில் அடித்தார்கள். அவர் ஓர் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தவர். டீ கிளாஸ் முகத்திலேயே உடைந்தது. லேப்டாப்பைத் தூக்கிக் கல்லில் போட்டார்கள். மேடம் குறுக்கே போனார். தலைமுடியைப் பிடித்து ஒருத்தன் இழுத்தான். அவர் சத்தம் போடவில்லை. அவன் கையைக் கடித்தார். கம்பத்தின் மேலே இருந்த கேமராவை ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் அரக்கோணத்துக்காரனும் நடு ஏரியில் மிதவையில் இருந்தோம். மோட்டார் சத்தம் கேட்டது. என் தம்பி நேராகக் கப்பலை நோக்கி வந்தான். இடித்தான். கப்பலின் மூக்கு பிளந்தது. வளைந்து மறுபடி வர ஆரம்பித்தான்.

"டேட்டா உள்ள இருக்குதுண்ணா" என்றான் அரக்கோணத்துக்காரன். நான் பிடிப்பதற்குள் குதித்துவிட்டான்.

நன்றாக நீந்துவான். கப்பலை நோக்கி நீந்தினான். தம்பி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் கண் கப்பல் மேல். தண்ணீரில் ஒரு தலை இருப்பதைக் கடைசியில்தான் பார்த்தான். தலை அவனுக்கு இடது பக்கம், போட்டின் மூக்குக்கு இரண்டு கை தூரத்தில். தம்பி மோட்டார் பிடியை வெட்டித் திருப்பினான். மூக்கு வலது பக்கம் போனது. தலையைத் தாண்டிவிட்டது.

வால் இடது பக்கம் வீசியது. விசிறி இருப்பது வாலில்தான்.

சத்தம் மாறியது. ஈரத் தோலில் மெஷின் மாட்டினால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம். தண்ணீர் சிவந்தது.

நான் குதித்து அவனை மிதவைக்கு இழுத்தேன். முழங்காலுக்கு மேலே சதை திறந்திருந்தது. எலும்பு தெரிந்தது. துண்டை அவிழ்த்துத் தொடையை இறுக்கிக் கட்டினேன். கட்டுக்கு நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "கப்பல் முழுகிடுச்சாண்ணா?" என்று கேட்டான்.

தம்பி மோட்டாரை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். "திருப்பிட்டேன்ணா. நான் திருப்பிட்டேன்ணா" என்று அதையே சொன்னான். அவன் போட்டில்தான் கரைக்குக் கொண்டுபோனோம். அந்த நாலு பேரும் ஓடியிருந்தார்கள். அவனை மேடத்தோடு வேனில் ஏற்றி அனுப்பினேன். அப்புறம் துடுப்பை எடுத்தேன்.

தம்பிக்கு மூன்று அடி. முதல் அடியில் தோள் எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. இரண்டாவது வாயில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. அவன் கையைத் தூக்கவே இல்லை. அதற்குப் பிறகு சத்தம் கேட்டு வந்த ஊர்க்காரர்கள் அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னை விசாரித்தார். ஏலக்காரர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். "நான் போகச் சொல்லல சார். அவனா போய்ட்டான்" என்று மூன்று முறை சொன்னார்.

"உன் தம்பி வேணும்னே மேல ஏத்தினானா?" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம்.

என் லுங்கியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"ஆமா சார்."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். கொலை முயற்சி என்று கேஸ் ஆனது. தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். அவன் ஒதுங்கத்தான் பார்த்தான். மிதவையிலிருந்து பார்த்தேன், மூக்கு எந்தப் பக்கம் போனது என்று. வால் ஏன் வீசியது என்று அந்த ஏரியில் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தன் ஆபரேஷன் டேபிளில் இருந்தான். ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார். மூன்றாவது ஆள் நான். தெரிந்தே போட்டேன்.

காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே.

மூன்று வாரம் கழித்து மேடம் உடைந்த கப்பலை எடுக்க வந்தார். நாலு பேர் தூக்குகிறதை நானும் வேன் டிரைவரும் இழுத்தே ஏற்றினோம். டிரைவரின் கன்னத்தில் தையல். அவர் என்னோடு பேசவில்லை.

"கேமரா இன்னா ஆச்சு மேடம்?" என்றேன்.

"போலீஸ் காப்பி எடுத்துட்டுப் போனாங்க. பின்னாடி பக்கம் நேரா அவன் மேல வருது, வேணும்னே ஏத்தினதுதான்னு சொல்லிட்டாங்க."

"அப்படி இல்ல மேடம். அவன் ஒதுங்கினான்."

அவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "தெரியும். முதல் நாளே பாத்தேன்."

"சொல்லலியே?"

"நீங்க சொன்னீங்களா?"

முடிச்சை இறுக்கிவிட்டு அவரே சொன்னார்: "உங்க தம்பி என் கப்பல உடைக்க வந்தான். ரெண்டு தடவ வந்தான். அவன் வரலைன்னா ஒண்ணுமே இல்ல."

"ஆமா மேடம். அதுக்கு ஜெயில்ல இருக்கட்டும். கொல்ல வந்தான்னு இருக்க வேணாம்."

"காலு போனவன் கிட்ட கேக்காம நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

வேலூர் ஆஸ்பத்திரிக்கு அதே வேனில் போனேன். வார்டு வாசலில் அரக்கோணத்துக்காரனின் அம்மா இருந்தார். நான் யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். செருப்பைக் கழற்றினார். முகத்தில், கழுத்தில், தலையில். எண்ணவில்லை. "எம்புள்ள காலு குப்பைக்குப் போச்சு. நீ உன் தம்பிக்கு ஞாயம் கேக்க வர்றியா? தூ." நான் நகரவில்லை. நர்ஸ்கள் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சத்தம் உள்ளே கேட்டிருக்கும். அவன் வரச் சொன்னான்.

போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மேடம் புது லேப்டாப்பைத் திறந்தார். கேமரா எடுத்ததை அவன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். தன் கால் போவதை அவன் மற்ற நாட்களில் தடம் பார்ப்பதுபோலவே பார்த்தான். மூன்றாவது முறை விரலைத் திரையில் வைத்தான்.

"இங்கதான் என்னைப் பாக்கறான். இங்க ஒடிக்கறான். வலது பக்கம். எல்லாரும் அப்படித்தான் ஒடிப்பாங்க."

மேடம் லேப்டாப்பை மூடினார்.

"எழுதுங்க மேடம்" என்றான். "டேட்டா இன்னா சொல்லுதோ அத எழுதுங்க." பிறகு என்னைப் பார்த்தான். "ஆனா அவன நான் வுடலண்ணா. அதையும் போய்ச் சொல்லிடுங்க. அவன் என் முன்னாடி வரக்கூடாது. நீங்களும் வராதீங்க."

சரி என்றேன். அதற்கப்புறம் போகவில்லை.

மேடம் கோர்ட்டுக்கு நாலு பக்கம் எழுதினார். தடத்தை வரைந்து, மூக்கு போன பக்கம் ஒரு கோடு, வால் போன பக்கம் ஒரு கோடு. நான் என் பங்குக்கு ஸ்டேஷன் போனேன்.

"அன்னிக்கு வேணும்னேன்னு சொன்ன. இன்னிக்கு ஒதுங்கினான்ற. இன்னா, பாசம் பொத்துக்கிச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அன்னிக்குச் சொன்னது பொய் சார்."

பக்கத்தில் நின்ற ஏட்டு அறைந்தார். காதில் ஒரு வாரம் விசில் சத்தம். வக்கீல் பிடித்து, கோர்ட்டில் போய் அதையே சொன்னேன். பொய் சொன்னதற்கு உன் மேலும் கேஸ் வரலாம் என்றார்கள். வரட்டும் என்றேன். கொலை முயற்சி போனது. அடிதடியும், அஜாக்கிரதையால் காயமும், பொருளை உடைத்ததும் மட்டும் மிஞ்சின. அந்தக் கேஸ் இன்னும் ஓடுகிறது.

தம்பி ஜாமீனில் வெளியே வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜெயில் வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. முன்பல் இரண்டு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

"வக்கீல் சொன்னாரு, நீதான் கோர்ட்ல பேசினியாமே" என்றான்.

"ம்."

"மேடம் எழுதினதப் பாத்துட்டுத்தான் உனக்குத் தெரிஞ்சுதா? நான் ஒதுங்கினேன்னு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

"இல்ல. அன்னிக்கே தெரியும். கையெழுத்துப் போடும்போதே தெரியும்."

அவன் நின்றான். ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பாமல் நின்றேன். வலது கையை முஷ்டியாக்கினான், அப்புறம் விரித்தான்.

"இன்னும் நாலு அடி அடிச்சிருக்கலாம் நீ" என்றான். "இந்தக் கையும் போயிருந்தாலும் பரவால்ல. கையெழுத்து போட்டிருக்க வேணாம்."

பஸ் வந்தது. அவன் முன்பக்கம் ஏறினான். நான் பின்பக்கம் ஏறினேன். பள்ளிகொண்டாவில் இரண்டு பேரும் இறங்கினோம். அவன் பையை நான் வாங்கப் போனேன். தரவில்லை. ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.