ரயில் சீட்டில் போட்ட துண்டு

துபாயில் நான் கடைசியாகச் செய்த பெரிய வேலை ஒரு ரயிலுக்குக் குஷன் தைத்தது. ஓடுகிற ரயில் இல்லை. இங்கிலாந்தில் ஆபீஸ்காரர்களைக் காலையில் ஏற்றிப்போய் சாயங்காலம் வீடு சேர்த்து, முப்பது வருடத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த டீசல் ரயில். அங்கே கழித்துக்கட்டியதை இங்கே ஒரு பணக்காரர் வாங்கிக் கப்பலில் இறக்கினார். ஓட்டலாக்கப் போகிறாராம். எஞ்சினைக் கழற்றிவிட்டு இரண்டு பெட்டிகளை எங்கள் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கூடவே ஒரு வயதான வெள்ளைக்காரரும் வந்தார். வாலிபத்தில் தினமும் அந்த ரயிலில் வேலைக்குப் போனவர். எதெது பழையபடி இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. பெட்டியைத் தட்டிக்கொடுத்தபடி கதை சொல்வார், எங்கள் போர்மன் அண்ணாச்சி அதைத் தமிழில் சொல்வார். காலையில் நிற்கக்கூட இடம் இருக்காதாம். மழைக்காலத்தில் ஈரக் கோட்டு நாற்றம் குடலைப் புரட்டுமாம். பழைய சீட் ஒன்றைப் பிரித்தபோது உள்ளே நைந்த டிக்கெட் ஒன்று கிடைத்தது. அதை வாங்கிப் பர்சில் பத்திரப்படுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. சோனாப்பூர் லேபர் கேம்ப்பிலிருந்து பதினான்கு வருடம் நானும்தான் கம்பெனி பஸ்ஸில் வியர்வை நாற்றத்தோடு போய்வந்தேன். அந்தப் பஸ்ஸை யார் தட்டிக்கொடுத்தார்கள்? இந்த ரயிலுக்கு வயதான பிறகு மெத்தை, பெயின்ட், ஏசி. நமக்கு வயதானால் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு ஒரு டிக்கெட்.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஆவணியில் கோவில்பட்டியில் என் ஒரே மகளுக்குக் கல்யாணம். நான்தான் தாரை வார்க்க வேண்டும். முப்பது நாள் லீவுக்கு மானேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். பாஸ்போர்ட் மட்டும் எல்லாருடையதையும் போலக் கம்பெனி ஆபீஸில் இருந்தது.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது முதல் பெட்டி முடிந்தது. நீலத் துணியில் தைத்த சீட்டுகள். சாப்பாட்டு நேரம். நான் தைத்த சீட்டில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும், ஜன்னலோரமாக, சாப்பிட்டு வந்து பத்து நிமிடம். வெளியே நின்றபடியே என் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சின்ன ஜன்னல் வழியாக அந்தச் சீட்டில் போட்டுவிட்டுப் போனேன். போட்டிக்கு ஒரு ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் பழகிய கை, தானாகப் போட்டுவிட்டது.

திரும்பி வந்தபோது மானேஜரும் வெள்ளைக்காரரும் பெட்டிக்குள் நின்றார்கள். வேலையில் கை துடைத்த துண்டிலிருந்த பசையும் எண்ணெயும் நீலத் துணியில் ஊறியிருந்தன.

“யாருவே துண்டு போட்டது?” என்றார் அண்ணாச்சி.

“நாந்தான் அண்ணாச்சி. எடம் புடிக்கப் போட்டேன்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் அவர்களும் இதே ரயிலில் சீட் பிடிக்கக் கோட்டைப் போட்டு வைப்பார்களாம். மானேஜர் சிரிக்கவில்லை. அந்தத் துணியில் மிச்சம் இல்லை. வேறு துணி வர வேண்டும், வந்து மொத்த வரிசையும் மாற்ற வேண்டும், பெட்டியை ஒப்படைக்கிற வரைக்கும் லீவு மாஃபி, கிடையாது என்றார். வெள்ளைக்காரர் அதற்குள் அடுத்த பெட்டியைப் பார்க்கப் போயிருந்தார். அண்ணாச்சி இரண்டு தடவை ஆபீஸுக்கு நடந்தார். “கலாஸ்ங்கான்வே, முடிஞ்சு போச்சாம்” என்று திரும்பி வந்தார்.

வீட்டில் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வேலை முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். மகள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

முகூர்த்தத்தன்று கேம்ப் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன். என் தம்பி தாரை வார்த்தான். தாலி கட்டியதும் மனைவி போனைத் திருப்பி மண்டபத்தைக் காட்டினாள். கூட்டம் நெரிந்தது, பலர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு.

“அது யாரு துண்டு?”

“ஒங்க துண்டுதான். காலைல பிள்ளைதான் போட்டா. எங்கப்பா எடம், யாரும் உக்காரக் கூடாதுன்னுட்டா.”

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பந்தி முடிகிற வரைக்கும் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லையாம். துண்டை எடுக்கச் சொல்ல அங்கே எந்த மானேஜரும் இல்லை.