நாலு பல் வில்லை

அன்று முடிச்சூர் லேஅவுட்டில் இருந்தவர்கள் இவர்கள். கோர்ட் அனுப்பிய கமிஷனர், கறுப்புக் கோட்டோடு. தாலுகா சர்வேயர், குடையோடு. பார்க் இடத்தைக் கேட்டு வழக்குப் போட்ட, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மனை போட்டு விற்றவரின் மேனேஜர். சங்கிலியின் பின்முனை பிடிக்க ஒரு கூலியாள். முன்முனை பிடிக்க நான். ஆறு பேர்.

கமிஷனர் என்றால் போலீஸ் இல்லை. நில வழக்கில் இடத்தைப் பார்த்து அளந்து எழுதித் தரச் சொல்லி கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பும். அவரை அப்படிச் சொல்வார்கள். அன்று வந்த வக்கீலை எனக்குத் தெரியும். எட்டு வருஷம் சங்கிலியின் ஒரு முனை அவன், மறு முனை நான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிளான் ஆபீஸ். எண்பதுகளின் ஆரம்பத்தில் இரண்டு பேரும் ஒரே வாரம் சேர்ந்தோம். நான் அஞ்சாவது வரை. அவன் பத்தாவது பாஸ். வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த நேரம். அறுத்த நெல் தாளில் நடந்து அளப்போம், கல் நடுவோம். மத்தியானம் நான் மர நிழலில் படுப்பேன். அவன் முதலாளியிடம் போய் உட்காருவான். ரோடு ஏன் முப்பதடி, பார்க்குக்கு ஏன் இடம் விடணும், விட்டதை ஏன் விற்கக் கூடாது. கேட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு அதையெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

சங்கிலி பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தாறடி நீளம், நூறு கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தில் ஒரு பல், இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நாலு. ஐம்பதில் வட்ட வில்லை. அதற்கு மேல் திரும்ப நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. எந்த முனையிலிருந்து எண்ணினாலும் ஒரே மாதிரி வரும். அதனால் நாலு பல்லைப் பார்த்தால் நாற்பதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். வட்டத்தைத் தாண்டியாச்சா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

அவன் அதில் தப்புப் பண்ணுவான். ஆரம்பத்திலிருந்தே. மிச்சக் கண்ணிகள் என் கையில் இருக்கும், பாதிக்கு மேலா கீழா என்று கனத்திலேயே தெரியும். அவன் தப்பாகச் சொன்னால் நான் என் முனையை இரண்டு தரம் சுண்டுவேன். அவன் குனிந்து மறுபடி பார்த்துத் திருத்திச் சொல்வான். முதலாளிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அவன் வேலை போயிருக்கும்.

தபாலில் டிகிரி முடித்தான். சாயங்காலம் மின்சார ரயில் ஏறி சட்டம் படிக்கப் போனான். முதல் தடவை பெயிலானான். அன்று நான் இரண்டு டீ குடித்தேன். அடுத்த தடவை பாஸ். திருநீர்மலைக்குப் போய் வந்து எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தான். எனக்குக் கொடுத்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எறும்பு வந்தது.

மனை, லேஅவுட், பார்க் வழக்கு என்றால் அவனிடம் போ என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் போர்டு மாட்டிய அன்று சைக்கிளில் போய் ரோட்டின் எதிர் வாடையிலிருந்து பார்த்தேன். உள்ளே போகவில்லை. வீட்டில் மனைவி கேட்டாள்.

"அவுரு உன்னோட தான வேலை செஞ்சாரு?"

சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிட்டேன்.

இனி அன்றைய அளவு. லேஅவுட் பிளானில் பார்க்கின் அகலம் இருநூற்று அறுபது கண்ணி. மேனேஜர் தரப்பு புதிதாக ஒரு சுவர் கட்டியிருந்தது. சுவர் பார்க்குக்குள் வந்துவிட்டது என்பது பெரியவரின் வழக்கு. பழைய கணக்கு கண்ணியில் இருந்ததால் பழைய சங்கிலியே கொண்டுவந்திருந்தார்கள்.

சர்வேயருக்கு முட்டி வலி. "நீ படிச்சி சொல்லுய்யா, எழுதிக்கிறேன்" என்றார் என்னிடம்.

"இருக்கட்டும் சார், நானே பாக்குறேன். நானும் சங்கிலி புடிச்சவன்தான்" என்றான் கமிஷனர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சங்கிலி பிடித்தது பெருமை. நான் பிடித்தால் கூலி.

என்னை அவன் அண்ணா, நீ என்றுதான் கூப்பிடுவான். அன்று, "நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றான். அந்த 'ங்க' எனக்கு அடி மாதிரி இருந்தது.

இரண்டு முழுச் சங்கிலி போட்டாயிற்று. மூன்றாவது முழுசாக விழவில்லை, சுவர் இடித்தது. மிச்சக் கண்ணிகளைச் சுருட்டிக் கையில் பிடித்தேன். முழங்கால் உயரம் புல். அவன் வந்து குனிந்தான். சுவரில் தொட்டுக்கொண்டிருந்தது நாலு பல். வட்ட வில்லை என் பிடிக்குள் இருந்தது. கையில் கனம் தெரிந்தது. பாதிச் சங்கிலிக்கு மேல் என் கையில். அப்படியென்றால் சுவர் வரை நாற்பதுதான்.

"அறுபது" என்றான்.

சொல்லிவிட்டு உடனே நிமிரவில்லை. வில்லையை விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

நான் சுண்டவில்லை.

சர்வேயர் எழுதினார். இருநூற்று அறுபது, பிளானில் உள்ளபடி.

"கண்ணுக்கே தெரியுதே சார், செவுரு உள்ள வந்துகீது" என்றார் பெரியவர்.

"சங்கிலி பொய் சொல்லாது பெருசு" என்றார் மேனேஜர்.

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் டீக்கடையில் பேச்சு.

"கமிஷனரு நல்லா வாங்கிட்டாரு போல."

"பின்ன? சும்மா சொல்வாங்களா அறுபதுன்னு?"

கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் எதையும் வாங்க மாட்டான். அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உள்ளுக்குள் நன்றாக இருந்தது. நாலு நாள் அப்படி இருந்தது. அஞ்சாம் நாள் பெரியவர் அந்தச் சுவரோரம் தனியாக அடி வைத்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட. அதன் பிறகு அவ்வளவு நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். கோட் இல்லை. கைலி.

"அண்ணா, ரிப்போர்ட் நாளைக்குத் தரணும். எழுத கை வரல."

நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"அன்னிக்கி உன் கையில கனம் எப்டி இருந்துச்சு?"

நான் வாசலில் கிடந்த செருப்பை ஒதுக்கி வைத்தேன்.

"நீ சுண்டுவேன்னுதான் நின்னேன். சுண்டல. சரி, கரெக்டா இருக்கும்னு எழுத விட்டுட்டேன்."

"நீ வக்கீலு. நான் எதுக்கு சுண்டணும்?"

அவன் என் முகத்தையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை.

"கனமா, லேசா? அத மட்டும் சொல்லு."

உள்ளே மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிற்று.

"கனம்" என்றேன்.

தலையை ஆட்டினான். "கோர்ட்ல டைம் கேக்குறேன். மறுபடி நோட்டீஸ் குடுத்து அளக்கணும். நீயே வரணும்."

அடுத்த வாரம் அதே ஆறு பேர். சங்கிலி தரையில் விழுமுன்னே அவன் சொன்னான்.

"போன தடவை அளவு படிச்சது நான். தப்பாப் படிச்சிட்டேன்னு நெனைக்கிறேன். தப்பு என்னுது."

மேனேஜர், "இன்னா சார் இது, புதுசா பேஜாரு" என்றார். பெரியவர் கைகூப்பினார். சர்வேயர் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றார். இவ்வளவு பேர் முன்னால் தப்பு என்று சொன்னவனுக்கு மரியாதை கூடியது. குறையவில்லை. தப்பை மறைத்தவன் நான். ஒத்துக்கொண்டவன் அவன். அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

இரண்டு சங்கிலி போட்டோம். மூன்றாவது சுவரில் இடித்தது. மிச்சத்தைச் சுருட்டினேன். அவன் குனியவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"அண்ணா, சங்கிலியில நூறு கண்ணி. சுவத்துக்கு இந்தப் பக்கம் உன் கையில இருக்கறத எண்ணிச் சொல்லு. நூறுல அது போனா மிச்சம் பார்க்கு."

பிடியைத் திறந்தேன். வட்ட வில்லை வெளியே விழுந்து தொங்கியது. சர்வேயர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சுவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். கைப்பிடி வந்தது.

அறுபது.