தண்டை நீக்கிய ரிப்போர்ட்

"இத்த அரைச்சிப் பாக்கறதுக்கா ஒன்ன இவ்ளோ படிக்க வெச்சாங்க? கீரையப் பாத்தாலே தெரியாது, நல்லதா கலீஜான்னு?"

முனுசாமி அண்ணன் கேட்டது. மணலிப் பக்கம் குத்தகை நிலத்தில் முளைக்கீரை போடுகிறவர். ஒரு தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்துக்குத் தினமும் கீரை கொடுக்க அவருக்கு ஆர்டர் வந்திருந்தது. நைட்ரேட் தங்கள் வரம்புக்குள் இருப்பதாக ரிப்போர்ட் வேண்டும் என்று காப்பகம் சொல்லிவிட்டதால், விம்கோ நகரில் நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு ஈரச் சாக்கோடு வந்து நின்றார்.

"பாத்தா தெரியாதுண்ணா. அதுக்குத்தான் மிஷின் கீது" என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரிப்போர்ட்டில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் ஓராண்டுக்கும் மேலாக என் கையெழுத்துதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தக் கையெழுத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பாஸ்

எஸ்.ஓ.பி. என்கிற எங்கள் செய்முறைக் கையேட்டில் 'உண்ணும் பகுதியை மட்டும் எடுக்கவும்' என்று இருக்கும். வேரையும் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இலையை எடுப்பதுதான் எங்கள் கூடத்து வழக்கம். அலசி, அரைத்து, வெந்நீரில் சத்து இறக்கி, வடிகட்ட வேண்டும். கீரைச்சாறு வடிதாளில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதன் முன்னால் நின்றே கால் மரத்துப் போகும். கடைசியில் ரசாயனம் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் கூடினால் நைட்ரேட் அதிகம் என்று பொருள். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மிஷின் அதை எண்ணாகச் சொல்லும்.

முனுசாமி அண்ணனின் கீரை வரம்புக்குள் இருந்தது. பாஸ் போட்டுக் கையெழுத்திட்டேன்.

2. அம்மாவின் சட்டி

ஒரு வாரம் கழித்து, எர்ணாவூரில் எங்கள் வீட்டில் அம்மா கீரை கடைந்துகொண்டிருந்தாள். இலை, இளந்தண்டு எல்லாம் ஒரே சட்டியில். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சாப்பிடுகிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"தண்ட எதுக்கும்மா போடற?"

"தூக்கிப் போட்டுட்டா இன்னாத்த துன்றது? இத்தினி எலைய வெச்சி நாலு பேருக்கு ஊத்த முடியுமா? ஆபீசரம்மா ஆயிட்டா தண்டு எறங்காதோ?"

சோறு எனக்குத்தான் இறங்கவில்லை. செடி உரத்திலிருந்து நைட்ரேட்டை இழுத்து, வெயிலில் செலவு செய்துகொள்கிறது. செலவாகாதது அதிகமாகத் தங்குவது தண்டிலும் காம்பிலும். பாடமாகப் படித்தவள்தான் நான். கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் கூடினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறையும் என்பதையும் படித்திருந்தேன்.

மறுநாள் காப்பகத்துச் சமையல்கார அக்காவுக்குப் போன் போட்டேன். "இளந்தண்டோடதாம்மா கடையறோம். சின்னக் கொழந்தைங்களுக்கு நல்லா மசிச்சிக் குடுப்போம்" என்றார்.

சோதனைக்கூடத் தலைமை, திருநெல்வேலிக்காரரான எங்கள் சார். அவரிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, எஸ்.ஓ.பி.படிதான செஞ்சிருக்க? பொறவு என்ன? போட்ட கையெழுத்த நீயே இல்லைங்கியா?"

"உண்ணும் பகுதின்னுதான் சார் அதுல இருக்கு. அவங்க தண்டையும் உண்றாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுசா சாம்பிள் எடுத்துட்டு வா" என்றார்.

தண்டோடு அரைத்தபோது நிறம் ஏறிக்கொண்டே போனது. வரம்பைத் தாண்டிவிட்டது. பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்யும் தாளிலும் நானேதான் கையெழுத்துப் போட்டேன். காப்பகம் அன்றே கீரையை நிறுத்தியது.

3. வெளுத்த பாத்தி

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேம்மா" என்றார் முனுசாமி அண்ணன். வரப்பில் நின்ற என்னை உட்காரச் சொல்லவில்லை.

உரம் எப்போது போடுகிறார் என்று கேட்டேன். கீரை பிடுங்க நாலைந்து நாள் இருக்கும்போது யூரியா. "அப்பத்தான் கருகருன்னு நிக்கும். பச்ச கம்மியா இருந்தா மார்க்கெட்ல ஒருத்தன் தொட மாட்டான்." அடுத்த போகத்துக்கு யூரியாவை விட்டுவிட்டுக் கோழி எருவைக் கொட்டினார். "இது இயற்கைதானே, இப்ப இன்னா சொல்லுவ?" என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் வரம்பைத் தாண்டியது. உரம் யூரியா மூட்டையில் வந்தாலும் கோழிப் பண்ணையிலிருந்து வந்தாலும், அளவுக்கு மேல் கொட்டினால் தண்டில் தேங்கத்தான் செய்யும். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வாரம் முழுக்க நின்ற காலோடு வரப்பில் நடந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு பாத்தி விட்டுக்கொடுத்தார். உரம் பாதியளவு, அதையும் ஆரம்பத்திலேயே போட்டு, கடைசிப் பத்து நாள் வெறும் தண்ணீர். விடியலில் பிடுங்காமல், நாள் முழுக்க வெயில் வாங்கிய பிறகு சாயங்காலம் பிடுங்கினோம். தண்டோடு அரைத்தேன். வரம்புக்குள் வந்தது.

"வெளுத்துப்போய் கீது. இத்த எவன் வாங்குவான்?"

காப்பகம் மறுபடி வாங்கியது. முனுசாமி அண்ணன் அவர்களுக்கு மட்டும் இரண்டு பாத்தி அப்படிப் போடுகிறார். மற்ற பாத்திகளில் பழையபடி யூரியாதான். அந்தக் கருகரு கீரை மார்க்கெட்டுக்குப் போகிறது. எங்கள் வீட்டுச் சட்டிக்கும் வந்திருக்கலாம்.

சோதனையை நான் சரியாகத்தான் செய்திருந்தேன். சாப்பிடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது எங்கள் சாம்பிள் படிவத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'எந்தெந்தப் பாகத்தைச் சமைப்பீர்கள்?' நான் எழுதிக் கொடுத்தேன், சார் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதற்கு முன் ஓராண்டாக, தண்டை எறிந்துவிட்டுப் பாஸ் போட்ட கீரை ரிப்போர்ட்டுகள் அலமாரியில் இருந்தன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. நேற்று அவற்றை இறக்கித் தூசி தட்டி மேஜையில் அடுக்கினேன். இன்று காலை முதல் எண்ணுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, போன வருஷம் கீரை குடுத்தீங்களே... அத்த வாங்கறவங்க தண்டோட சமைக்கிறாங்களா?"