மதாம் ஜுலைகா கேட்ட குரல்கள்

வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் நான் பாடம் நடத்தும் மேலாண்மைக் கல்லூரியில் வகுப்புக்குள் நுழையும் நேரத்தில் காரைக்காலிலிருந்து ஃபஹீமா அழைத்தார். “உம்மா மவுத்தாயிட்டாங்க மேடம். சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை.” மாணவர்களிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்பது நினைவில்லை.

ஃபஹீமாவின் தாயார் ஜுலைகா பேகத்தைக் காரைக்காலில் பலரும் ‘மதாம்’ என்றே அறிவார்கள். பள்ளியில் நெடுங்காலம் பிரெஞ்சு கற்பித்தவர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனில் துணிக்கடை வைத்திருந்த வாப்பாவிடமிருந்து அந்த மொழி அவருக்கு வீட்டிலேயே வந்திருந்தது. ஆப்பிரிக்க நிறுவனங்களின் தலைமையைப் பற்றி நாங்கள் செய்த ஆய்வில் அவருக்கிருந்த பங்கு உள்ளூரில் அநேகருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் காரைக்காலை அடுத்த சுரக்குடிக்காரி. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் பெனின் நாட்டில் நடுத்தர ஆலைகளை நடத்துபவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அறிய, கோட்டோனு நகருக்குப் போய்ப் பலரைப் பேட்டி கண்டேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. உடன் வந்த மொழிபெயர்ப்பாளர் அவ்வப்போது சொன்ன ஆங்கிலத்தையே நம்பிக் கட்டுரை எழுதினேன். பொறுப்பைத் தன் பெயரில் ஏற்கத் தயங்குகிறது அங்குள்ள தலைமை என்பது அதன் சாரம். ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டு, ஒலிப்பதிவுகளின் முழு மொழிபெயர்ப்பை மட்டும் கேட்டது. என் பதவி உயர்வு அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. ஊருக்கு வந்தபோது அண்ணன் சொல்லி மதாமைப் பார்க்கப் போனேன்.

பதிவுகளை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: “அவங்க பேசினதை எழுதணுமா, உங்க கட்டுரைக்கு வேணுங்கிறதை எழுதணுமா?” வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

பத்து நாளில் அழைப்பு வந்தது.

“வசந்தி, உங்க மொழிபெயர்ப்பாளர் சொன்ன மாதிரி அந்த முந்திரி ஆலைக்காரரு ‘முடிவெடுக்கப்பட்டது’ன்னு சொல்லலை. ‘ஓன்’னு ஒரு சின்ன வார்த்தை போடுறாரு. அதுக்கு ‘யாரோ’ன்னும் அர்த்தம் வரும், ‘நாங்க’ன்னும் வரும். அவரு பேசுறதைக் கேட்டா எனக்கு ‘நாங்க’ன்னுதான் படுது.”

ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்றேன். என் கட்டுரை முழுவதும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என் குரல் உயர்ந்தது. “இப்ப போய் இதை மாத்தினா என் உயர்வு போச்சு மதாம்.”

அவர் கோபப்படவில்லை. “அந்த மனுசன் நம்மளை நம்பி வாய் திறந்தாரு. அவரைக் கோழைன்னு எழுதப் போறீங்க. எழுதுங்க. ஆனா மொழிபெயர்ப்புல எம் பேரு வேணாம்.”

இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. மொழிபெயர்ப்பை இதழுக்கு அனுப்பவும் கை வரவில்லை. கடைசியில் நானே அழைத்து, அந்த முந்திரி ஆலைக்காரரையே கேட்டுவிடுவோம் என்றேன். மூவரும் ஒரே அழைப்பில் பேசினோம். ‘நாங்கள்’ என்றால் யார் யார் என்று மதாம் கேட்டார். ஆலைக்காரர் பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். கொட்டை உடைக்கும் பெண்கள், லாரி ஓட்டுநர், வாசல் காவலாளி. விளைச்சல் பொய்த்த ஆண்டில், பாதிப் பேரை நிறுத்துவதற்குப் பதிலாக எல்லாருமே பாதி நாள் வேலை செய்வது என்று மூன்று நாள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டார்களாம். தானும் அப்படியே என்றார்.

அதற்காக எல்லாரையும் மதாம் நல்லவராக்கிவிடவில்லை. இன்னொரு நிர்வாகியிடம் அதே கேள்வியைக் கேட்டோம். அவரால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. “இவரு தப்பிச்சுக்கத்தான் பாக்குறாரு. இவருக்கு நீங்க எழுதினது சரி” என்றார் மதாம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்த வருத்தம் எனக்கு உடனே ஆறிவிடவில்லை. மதாம் மீதுகூட அவ்வப்போது எரிச்சல் வந்தது. எல்லாரையும் மறுபடி கேட்டு எழுதிய புதிய கட்டுரை வெளிவர மூன்று ஆண்டுகள் ஆயின. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது. அச்சான பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயரைத் தேடாமல், “முந்திரி ஆலைக்காரருக்கு அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டார். எனக்குத் தோன்றவே இல்லை. “அனுப்புங்க. என்ன எழுதியிருக்குன்னு நான் பிரெஞ்சுல ஒரு கடுதாசி போட்டுத் தர்றேன்.”

‘நான்’ என்று சொல்லத் துணிந்தவரே தலைவர் என்று பல ஆண்டுகள் கற்பித்தவள் நான். அந்தப் பாடத்தை இப்போது நடத்துவதில்லை.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஃபஹீமா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். “நேத்து பகல் முழுக்க இதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க” என்று ஹெட்போனையும் ஒரு நோட்டையும் கொடுத்தார். கோட்டோனு சந்தையில் மொத்த வியாபாரம் நடத்தும் பெண்களைப் பற்றிய எங்கள் அடுத்த ஆய்வுக்கான ஒலிப்பதிவைத்தான் அவர் கேட்டிருந்தார். நோட்டில் பக்கத்தின் பாதியில் எழுத்து நின்றிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: ‘இங்கே இந்த அம்மா ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிறார். மறுபடி கேட்க வேண்டும்.’

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தேடிக் கேட்டேன். மொழி புரியவில்லை. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் வேகமாகப் பேசிக்கொண்டே வந்து சட்டென்று அமைதியானார். அந்த அமைதி எனக்கும் கேட்டது.

போய் வாருங்கள், மதாம். அந்த அம்மா சொல்ல வந்தது என்னவென்று அவரிடமே கேட்டு எழுதுகிறேன்.